இரண்டடி தள்ளி

"மண்வெட்டி வேணாம், கையால அள்ளுங்கடா," என்று சண்முகம் மேலிருந்து கத்தியபோது வைஜெயந்தி ஏற்கெனவே குழிக்குள் மண்டியிட்டுக் கையால்தான் அள்ளிக்கொண்டிருந்தாள். எப்போது இறங்கினாள், எந்தப் பக்கமாக இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு கை அள்ளினால் இரண்டு கை மணல் வழிந்து வந்து அந்த இடத்தை நிரப்பியது. பாக்குத் தோப்பில் வேலையாக இருந்த ஐந்தாறு பேர் ஓடிவந்து, சாப்பாட்டுத் தட்டு, கொட்டாங்கச்சி, குளிக்கிற மக்கு என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு குதித்திருந்தார்கள். யாரோ ஒருத்தி அப்பா, அப்பா என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது தன் குரல்தான் என்று வைஜெயந்திக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

முதலில் தட்டுப்பட்டது வலது கை. மணிக்கட்டு வரை மட்டும் வெளியே வந்தது. அதில் அவருடைய சின்னக் கத்தி பிடித்த பிடியில் அப்படியே இருந்தது. அவள் கத்தியை உருவி எறிந்துவிட்டு அந்தக் கையைப் பற்றி அழுத்தினாள். திருப்பி அழுத்தும் என்று காத்திருந்தாள். அழுத்தவில்லை.

"கை கெடச்சிருச்சு," என்றாள், தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவள் போல.

முகம் வெளியே வர அதற்குமேல் இருபது நிமிடம் ஆனது. மூக்கு, காது, வாய் எல்லாம் மணல். சண்முகம் விரலை விட்டுத் தோண்டி எடுத்துப் பார்த்தார். பிறகு தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த முகத்தின் மேல் போட்டார்.

ஜெகநாதனை மண் கொன்றுவிட்டது என்பதைக் கேள்விப்பட்டவர்கள் யாரும் உடனே நம்பவில்லை. வேறு யாரைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். முப்பத்தொரு வருடம் மண் ஆய்வுப் பிரிவில் மஜ்தூராக, அதாவது கூலியாளாக இருந்து, டிக்லிப்பூரிலிருந்து லிட்டில் அந்தமான் வரைக்கும் குழி வெட்டிய மனிதர். படித்த அதிகாரிகள் மண்ணைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் யாராவது ஐந்தடிக் குழி ஒன்றை வெட்டித் தர வேண்டுமே, அந்த யாராவது அவர்தான். வெயில் விழுகிற பக்கத்துச் சுவரை நூல் பிடித்தாற்போல நேராகச் செதுக்கி, கத்தியால் லேசாகச் சீவி, ஒரு டேப்பைத் தொங்கவிட்டுக் கொடுப்பார். அதிகாரி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, மேலே இத்தனை அங்குலம் கறுப்பு, கீழே இத்தனை அங்குலம் மஞ்சள் என்று எழுதிக்கொண்டு போவார். அந்தச் சுவரின் மேல் விளிம்பில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது, ஒரு கூடை மண் கொட்டக் கூடாது. கொட்டினால் போட்டோவில் மேல்மண் கெட்டுப்போகும். ஆகவே வெட்டிய மண் அத்தனையும் எதிர்ப்பக்கம்தான் போகும். இது அவர் தொழிலின் சட்டம். பணி ஓய்வு பெற்ற பிறகும், வீட்டுக்கு வாழைக்குழி வெட்டினால்கூட அந்தச் சட்டத்தை அவர் விட்டதில்லை.

மண்ணை ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்க்கிற பழக்கமும் உண்டு. நறநறவென்றால் மணல், வழவழவென்றால் களி. "சோத்துல ஒரு கல்லு கெடந்தா தட்டத் தள்ளிவிடுற மனுசன், வெளிய போயி கல்லாத் திங்கிறாக," என்று அவர் மனைவி சுசீலா சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த ஊரில் பாக்கியில்லை.

மகள் வைஜெயந்திக்கு மனை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். நாலா என்று அங்கே எல்லோரும் சொல்கிற ஓடைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் படிபோல நீண்டு கிடந்த மேட்டு நிலம். வாங்குவதற்கு முன்பே அங்கே ஒரு குழியை வெட்டி மகளை உள்ளே இறக்கிக் காட்டினார்.

"இது பழைய நாலாத்தா. மனுசன் வர்றதுக்கு முந்தி இங்கதான் ஓடியிருக்கு. பொறவு கீழ அறுத்துக்கிட்டு எறங்கிப் போயிருச்சு. இந்தக் கூழாங்கல்லப் பாரு, மூலையே இல்ல. அத்தனையும் தண்ணியில உருண்டது."

"சரிப்பா. வீடு கட்டலாமா கட்டக்கூடாதா, அதச் சொல்லுங்க."

"அவசரப்படாத. மேல ஒரு சாண் கறுப்பு. அதுக்குக் கீழ பழுப்பு மணல். போகப் போக பருமணல். எங்கயாச்சும் சாம்பக் கலர் புள்ளி இருக்கா? செவப்புத் திட்டு இருக்கா? இல்லேல்ல. அப்ப இங்க தண்ணி நின்னதே இல்ல. எட்டு மாசம் மழ ஊத்துற ஊருல தண்ணி நிக்காத மண்ணு கெடைக்கிறது லேசா? பத்துக் கொடம் ஊத்து, பத்து எண்றதுக்குள்ள போயிரும். ஏக்தம் அச்சா மிட்டி, சுத்தமான நல்ல மண்ணு."

ஊர்க்காரர்கள் இடுகாட்டுக்கு இடம் கேட்டு வந்தபோதும் அவர் அதே மேட்டின் வடக்குக் கோடியைத்தான் காட்டினார். கீழே தாழ்வில் புதைத்தால் ஆடி மாதத்தில் குழியில் தண்ணீர் ஊறும், செத்தவனுக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

அந்த மேட்டில் வீடு எழும்பி, கடைசியாக செப்டிக் டேங்க் மட்டும் பாக்கி நின்றது. வைஜெயந்தியின் கணவன் சுதாகர் போர்ட் பிளேரில் சாத்தம் ஜெட்டியில் வேலையாக இருந்தான். ரங்கத் டவுனிலிருந்து ஜேசிபி பேசி அனுப்புகிறேன் என்று போனில் சொன்னான். மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. "முப்பத்தொரு வருசம் குழி வெட்டுனவன் மக வீட்டுக்கு ஜேசிபியா? ஆபீஸ்ல கேட்டா சிரிப்பாங்க," என்று மறுநாள் காலையிலேயே கயிறும் கூடையுமாக வந்து நின்றார். அது பிப்ரவரி கடைசி. மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவர் வெட்டிய குழிகள் எல்லாம் ஐந்தடிதான். தலை எப்போதும் வெளியே இருக்கும். இது ஒன்பதடி. அந்த வித்தியாசத்தை அவரும் யோசிக்கவில்லை, அவர் யோசிக்காததை வேறு யாரும் யோசிக்கவில்லை.

போலீஸ்காரர் ஐந்து மணிக்கு வந்தார். இளவயதுக்காரர். வைஜெயந்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவரும் பக்கத்தில் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கித்னா பஜே?" என்று நேரத்தைக் கேட்டார்.

"சாடே தீன்," என்றாள். மூன்றரை. டீ போட்டாகிவிட்டது என்று அம்மா கூப்பிட்ட நேரம்.

அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். மேலே என்றாள். என்ன செய்துகொண்டிருந்தாய்? மண் இழுத்துக்கொண்டிருந்தேன். குழி வெட்டச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை, அவரேதான். அவர் குடிப்பாரா? இல்லை. ஒவ்வொன்றையும் எழுதினார். கடைசியில் காகிதத்தை நீட்டி, கையெழுத்து போடவேண்டிய இடத்தைக் காட்டினார். இழுத்த மண்ணை எங்கே கொட்டினாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்பார், கேட்பார் என்று அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் முதல் கூடையை அவள் இழுத்தபோதே அப்பா கீழிருந்து சொல்லிவிட்டார். "இந்தப் பக்கம் கொட்டாத, சொவரு கெட்டுப்போயிரும். எதுத்தாப்புல கொட்டு. வெளிம்புலேர்ந்து ரெண்டடி தள்ளிக் கொட்டு." மதியம் வரைக்கும் அவள் அப்படித்தான் செய்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு தோள் இரண்டும் இற்றுப்போயின. குவியலும் அதற்குள் இடுப்பு உயரம் வந்துவிட்டது. இரண்டடி தள்ளிக் கொட்ட வேண்டுமானால் அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஒரு கூடையை விளிம்பிலேயே சரித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததையும் அங்கேயே சரித்தாள். அவருடைய தலைக்கு மேலே நாலடி உயரத்தில் நடந்த காரியம் அவருக்கு எப்படித் தெரியும்? காலையில் ஈரத்தோடு கெட்டியாக நின்ற சுவர் மதிய வெயிலில் வெளுத்துப்போய், அங்கங்கே சீனி கொட்டுவதுபோல உதிர ஆரம்பித்திருந்தது. அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கூடையை இழுத்தாள்.

"ஏறி வாங்கப்பா, டீ ஆறுது."

"இருத்தா. இந்தச் சொவரக் கொஞ்சம் சீவி விட்டுட்டு வந்துர்றேன்."

"செப்டிக் டேங்குக்கு எதுக்குப்பா சீவணும்? யாரு போட்டோ எடுக்கப் போறா?"

"யாரும் எடுக்கலேன்னா நாம பாக்கக்கூடாதா?"

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி, தன் சுத்தமான சுவரைப் பார்த்து நின்றார். முதுகு குவியலின் பக்கம். அவள் கடைசிக் கூடையைச் சரித்தாள். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ களைத்துப்போய் மூச்சு விட்டதுபோல இருந்தது, அவ்வளவுதான். அவள் காலடியிலிருந்த தரையே இல்லாமல் போனது. அவள் பின்பக்கமாக விழுந்து எழுந்து பார்த்தபோது குழி பாதியாக இருந்தது. அவர் சீவிய சுவர் மட்டும் எதிரே ஆடாமல் அசையாமல் நின்றது.

உடலை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் மத்தியானம் கொடுப்பதாகச் சொன்னார்கள். சுதாகர் விடியற்காலை போர்ட் பிளேரில் பஸ் ஏறி, ஊருக்குக்கூட வராமல் நேராக அங்கேயே போய்விட்டான். தம்பி குணாவும் ராத்திரி முழுக்க அங்கேதான் நின்றான். காலையில் சண்முகம்தான் போய், "நீ பாத்துக்கிட்டு நின்னா அவுக சீக்கிரம் குடுத்துருவாங்களா? வாடா," என்று அவனை அழைத்து வந்தார். சண்முகம் உறவில்லை. ஆனால் ராமநாதபுரத்திலிருந்து ஒரே கப்பலில் வந்த ஆட்கள் என்பதால் பிள்ளைகள் இருவருக்கும் அவர் சித்தப்பாதான்.

வீடு நிறையப் பெண்கள். அழுகை ஒரு மூலையில் தொடங்கி ஓய்ந்து இன்னொரு மூலையில் தொடங்கியது. வைஜெயந்திக்கு மட்டும் அழுகை வரவில்லை. அவளுக்கே பயமாக இருந்தது. பல்லுக்கிடையில் மணல் நறநறத்தது. எத்தனை தடவை கொப்பளித்தாலும் போகவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குழிக்கு முன்னால் போலீஸ் கட்டிய கயிறு. உள்ளே வெயில் விழுந்த சுவர் அப்படியே நின்றது. மேலே ஒரு சாண் கறுப்பு, அதன்கீழ் பழுப்பு, அதன்கீழ் ஒரே வரிசையாக உருண்டைக் கற்கள். ஒரு புள்ளி இல்லை, ஒரு திட்டு இல்லை. டேப் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகாகச் சீவியிருக்கிறார் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

பின்னாலேயே அம்மா வந்து நின்றாள். சுசீலாவின் கையில் நேற்றைய டீத் தம்ளர். கழுவாமலே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதா சரிஞ்சதுதானத்தா?" என்று கேட்டாள். "மண்ணு அதா சரிஞ்சா நாம என்ன பண்ணியிருக்க முடியும். ஒன்னும் பண்ணியிருக்க முடியாதுல்ல?"

வைஜெயந்தி டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா," என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ளத்தான் வந்தவள் போல உள்ளே போய்விட்டாள். இனி ஆயுசு பூராவும் இந்த ஆமாவைக் காப்பாற்ற வேண்டும் என்பது அப்போதே வைஜெயந்திக்குத் தெரிந்துவிட்டது. அம்மா கேட்பாள், சுதாகர் கேட்பான், ஊர் கேட்கும். ஒவ்வொரு தடவையும் மண் தானாகச் சரிய வேண்டும்.

பதினோரு மணிக்கு, இடுகாட்டில் குழி வெட்டப் போனவர்களில் ஒருவரான நாகராஜ் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். இங்கே வெட்டியான் கிடையாது. ஊர் ஆண்கள்தான் முறை வைத்து வெட்டுவார்கள். பெண்களில் ஒருத்தி, "ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆகப்போவுது. மண்ணு லேசா வருது, வெட்டுறதே தெரியல. குணாதான் உள்ள எறங்கி வெட்டிக்கிட்டு இருக்கான்."

"மகன் எறங்கக்கூடாதேப்பா."

"சொன்னா யாரு கேக்குறா? ஒக்கார மாட்டேங்கிறான். சரி, கை வேலையா இருக்கட்டும்னு விட்டுட்டோம். சட்டு சட்டுன்னு வெட்டிக் குடுக்குறான், நாங்க வாங்கி ஓரத்துலயே போட்டுக்கிட்டு இருக்கோம். மூட வசதியா இருக்கும்ல."

வைஜெயந்தி எழுந்தாள். செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை. யாரோ எங்கத்தா போற என்று கேட்டார்கள். அவள் முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். இடுகாடு இருந்த வடக்குக் கோடிக்கு நடந்தால் கால் மணி நேரம். பெண்கள் போகாத வழி என்பதால் அந்தப் பாதையில் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. ஆனால் காலடியில் கிடந்தது அதே மணல்தான். அதே உருண்டைக் கல் குதிகாலில் குத்தியது.

தூரத்திலேயே குவியல் தெரிந்தது. விளிம்போடு விளிம்பாக, இடுப்பு உயரத்துக்கு. நான்கு பேர் சுற்றி நின்றார்கள். குணாவைக் காணோம். ஒரு மண்வெட்டியின் நுனி மட்டும் குழிக்குள்ளிருந்து எழுந்து எழுந்து இறங்கியது.

சண்முகம் அவளைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஏத்தா, நீ இங்கெல்லாம் வரக்கூடாது. போ தாயி. வீட்டுக்குப் போ."

"சித்தப்பா, மண்ணத் தள்ளிப் போடுங்க."

"போடுறோம். நீ போ மொதல்ல."

"இப்பப் போடுங்க. அவன் உள்ள இருக்கான்."

"இது ஆறடிதான்த்தா. அது ஒம்பதடி. இதுல ஒன்னும் ஆவாது. நேத்து என்னமோ நேரம், மண்ணு சரிஞ்சிருச்சு. அதுக்காக..."

"மண்ணு அதா சரியல."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. சொல்லாமலே அவர்களைத் தள்ளிப் போட வைக்க ஏதாவது வழியிருக்கிறதா என்று மனசு ஒரு கணம் தேடத்தான் செய்தது. இடுகாட்டுக்கே வந்துவிட்ட பைத்தியக்காரியாக நின்று அழுது காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம். அதற்குள் விளிம்பிலிருந்து ஒரு பிடி மணல் சத்தமில்லாமல் உள்ளே வழிந்தது. குணாவின் மண்வெட்டி அதைப் பொருட்படுத்தாமல் எழுந்து இறங்கியது.

"அப்பா ரெண்டடி தள்ளிக் கொட்டச் சொன்னாக," என்றாள். "காலைல தள்ளித்தான் கொட்டுனேன். மத்தியானம் கை வலிச்சுச்சு. சுத்திக்கிட்டுப் போகச் சோம்பேறித்தனப்பட்டு வெளிம்புலயே கொட்டுனேன். நெறையக் கூடை. அப்பாவுக்குத் தெரியாது. கீழ நின்னாகளா, அவுகளுக்குத் தெரியல. கடைசிக் கூடையும் நாந்தான் கொட்டுனேன்."

பக்கத்தில் பாக்கு மரங்களில் காற்று அடித்தது. சண்முகம் விரித்த கைகளை எப்படி மடக்குவதென்று தெரியாதவர்போல நின்றார். நாகராஜுக்காகக் காத்திருந்த ஒருவர் கையிலிருந்த பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். குழிக்குள் மண்வெட்டி நின்றுவிட்டது.

வைஜெயந்தி அந்த மௌனத்துக்குத்தான் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். அது வந்துவிட்டது. இனி குணா என்ன சொல்வான் என்பது ஒன்றுதான் பாக்கி. அவனுக்கு அப்பா என்றால் உயிர். அவன் இந்தக் குழியிலிருந்து ஏறி வந்து தன்னை என்ன செய்தாலும் சரி, ஏறி வந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. ராத்திரி முழுக்க நின்ற ஆளின் கரகரத்த குரல்.

"எவ்வளவு தள்ளணும்க்கா?"

அவள் விளிம்பையும் குவியலையும் பார்த்தாள்.

"ரெண்டடி," என்றாள்.

"சித்தப்பா, ரெண்டடி தள்ளுங்க."

சண்முகம் மண்வெட்டியை எடுத்தார். வைஜெயந்தி விளிம்பிலிருந்து அளந்து, குதிகாலால் தரையில் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் எல்லோரும் தள்ளினார்கள். அவளும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குவியலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்க் கொட்டினாள், திரும்பி வந்தாள், மறுபடியும் சுற்றிக்கொண்டு போனாள். எட்டோ ஒன்பதோ நடை இருக்கும். அதற்குமேல் ஆகவில்லை. நேற்றும் சுற்றிப் போயிருந்தால் அவ்வளவுதான் ஆகியிருக்கும் என்று தோன்றியபோது முதன்முறையாகக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்காமல் கூடையைச் சுமந்தாள்.

"சொவர நேரா வெட்டாதடா," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "சாச்சு வெட்டு. பாக்க நல்லா இல்லேன்னாலும் பரவால்ல."

"ம்," என்றான் குணா.

விளிம்பில் இரண்டடிக்கு வெறும் தரை தெரிந்தது. அவன் சுவரைச் சாய்த்து வெட்டி முடித்து மண்வெட்டியை மேலே எறிந்தான். பிறகு தூக்கிவிடச் சொல்லி வலது கையை நீட்டினான். முழங்கை வரைக்கும் மணல் ஒட்டியிருந்த கை. அதைப் பிடிக்கச் சண்முகம் குனிந்தார். அவரை விலக்கிக்கொண்டு வைஜெயந்தி மண்டியிட்டாள். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பற்றி அழுத்தினாள்.

அவன் திருப்பி அழுத்தினான்.

"ஏறி வா," என்றாள்.